முக்கால் நேரம் கேட்கலாமா?

(கோவையில் நடந்த வேலைவாய்ப்பு வழிகாட்டு நாளில், ஓய்வு பெற்ற மனிதவள மேலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தம்புதுச் சான்றிதழ்க் கோப்போடு வந்திருக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஐந்து வருடமோ எட்டு வருடமோ வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று வந்திருப்பவர்கள் நடுவில். பின்னால் தலை நரைத்த சிலரும் தெரிகிறார்கள். அமைப்பாளர்கள் என்னிடம் கொடுத்த கேள்வி உங்கள் மூன்று தரப்புக்கும் பொதுவானது. விளம்பரத்தில் 'முழுநேர வேலை' என்று போட்டிருக்கிறது. என்னால் அத்தனை மணி நேரம் வர முடியாது. விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பித்தால் அதை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது?

இருபத்தேழு வருடம் நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். எத்தனையோ பேருக்கு 'முடியாது' சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் வருடம். நான் அப்போது இருந்த நிறுவனத்தில் மோட்டார் பம்பு செய்தார்கள். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு பெண் வந்தார், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒன்பது வருட அனுபவம். கணக்கு மேலாளர் கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார். சம்பளம் மாதம் 32,000 என்று பேசி முடிக்கிற நேரத்தில், "சார், ஒண்ணு சொல்லணுங்க" என்று ஆரம்பித்தார். "மாமனாருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் நடக்குதுங்க. செவ்வாய், வியாழன், சனி. அந்த மூணு நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு நான் கிளம்பணும். அதுக்குத் தகுந்த மாதிரி சம்பளத்தைக் குறைச்சுக்கங்க."

சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். கையால் கோடு போட்ட மாதக் காலண்டர். அதில் 7, 11, 15, 20 ஆகிய தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குப் புரியும். டிடிஎஸ் கட்ட வேண்டியது 7, ஜிஎஸ்டியில் விற்பனை விவரம் போக வேண்டியது 11, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டியது 15, மாத ஜிஎஸ்டி கணக்கு முடிக்க வேண்டியது 20. "இந்தத் தேதியெல்லாம் எந்தக் கிழமையில வந்தாலும் முழு நாளும் இருப்பனுங்க. அன்னைக்கு டயாலிசிஸ் இருந்தா வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு அப்பாவைக் கூட்டிட்டுப் போவார். பேசியாச்சுங்க."

அந்தத் தாளை நான் கையில் வாங்கக்கூட இல்லை. "நம்ம கம்பெனியில அப்படி ஒரு வழக்கம் இல்லீங்கம்மா" என்றேன். அவர் தாளை வந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 48. அவர் கேட்டது மூன்று நாள் முழுதாக, மூன்று நாள் நான்கு மணி நேரம்; ஆக 36. முழு வேலையில் முக்கால் பங்கு. சம்பளம் 24,000 கொடுத்திருந்தால் போதும். எங்களுக்குக் கை நழுவியது ஒன்பது வருட அனுபவம். அந்த இடத்துக்கு முழுநேரம் வருகிறேன் என்று சொன்னவர்களில் இருவர் அடுத்தடுத்து வந்தார்கள், ஒரு வருடம் முடிவதற்குள் இருவரும் போனார்கள். ஆள் இல்லாத மாதங்களில் சிவப்பு வட்டத் தேதிகள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

நான் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'வழக்கம் இல்லை.' வேலை கெட்டுவிடும் என்றோ செலவு கூடிவிடும் என்றோ நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தத் தாளில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

வழக்கம் என்று நாம் சொல்கிறோமே, அந்த 48 மணி நேரம் எப்படி வந்தது? 1922இல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்துக்கு 60 மணி நேரம். 1934இல் அது 54 ஆயிற்று. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த காலத்தில் திருத்தம் வந்து, 1946இல் 48 ஆயிற்று. அதற்கு முன்பே, 1923 மே முதல் தேதி, சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிவிட்டார். ஒவ்வொரு முறை மணி குறைந்தபோதும் 'தொழில் படுத்துவிடும்' என்றார்கள். தொழில் படுக்கவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, அந்த மே தினத்தன்றே திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆக முழுநேரம் என்பது மனிதர்கள் பேசிப் பேசி, போராடிப் போராடி வைத்த எண். பேசி வைத்த எண்ணைப் பேசி மாற்றவும் முடியும்.

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பேசியிருக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டிலேயே, வேலையில் இருப்பவர் தன் மணி நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கலாம், தக்க காரணம் இல்லாமல் நிறுவனம் மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஜெர்மனியில் 2001 முதல், 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதம் முடித்தவர் நேரத்தைக் குறைக்கக் கேட்கலாம். 2019இல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: 45 பேருக்கு மேல் இருக்கும் நிறுவனங்களில் ஒன்று முதல் ஐந்து வருடம் வரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு பழைய முழுநேரத்துக்கே திரும்பலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறைத்துக்கொண்டவர் குறைந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2003இல் சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கு மட்டும் இருந்த உரிமை, 2014இல் எல்லா ஊழியருக்கும் வந்தது; 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே கேட்கலாம்.

சிங்கப்பூரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் ஆட்சிமொழி என்பதால் இதற்கு ஒரு தமிழ்ச்சொல்லும் இருக்கிறது. நாம் 'ஃபிளெக்ஸி டைம்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்கள் 'நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு' என்கிறார்கள். நம் பாட்டிமார் 'நீக்குப்போக்கா நடந்துக்கணும்' என்பார்களே, அதே சொல். 2024 டிசம்பர் 1 முதல் அங்கே வழிகாட்டு நெறிமுறைகள் நடைமுறையில் உள்ளன. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எழுத்தில் கேட்டால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். செலவு, உற்பத்தி பாதிப்பு, நடைமுறைச் சிக்கல் போன்றவை காரணமாகலாம். 'எங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை', 'ஆள் கண்முன்னால் இருந்தால்தான் எனக்குத் திருப்தி', 'இங்கே அப்படி வழக்கமே இல்லை' ஆகியவை செல்லாது. அந்தப் பட்டியலைப் படித்தபோது மூன்றாவதில் என் குரல் எனக்கே கேட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவையெல்லாம் வேலைக்குள் போனவர்களுக்கான வழிகள். வாசலில் நிற்பவருக்கு, அதாவது விண்ணப்பிக்கிறவருக்கு, இவை நேராக உதவுவதில்லை. இந்தியாவில் அந்த உள்வழியும் பொதுவாக இல்லை. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேர் இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். விடுப்பு முடிந்த பிறகு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும் எழுதினார்கள். அதற்கு மேல், 'எனக்கு மணி குறைவாக வேண்டும்' என்று கேட்கும் பொது உரிமை நம் சட்டத்தில் கிடையாது. பகுதிநேரத் தொழிலாளருக்கு முழுநேரத் தொழிலாளருக்கு இணையான பாதுகாப்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1994இல் கொண்டுவந்த உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை. எனவே இங்கே சட்டம் பேசாது, நீங்கள்தான் பேச வேண்டும்.

பேசும்போது ஒரு சொல்லில் ஜாக்கிரதையாக இருங்கள். 'பார்ட் டைம்' என்ற சொல் நம் ஊரில் கெட்டுப்போய்விட்டது. அதற்குக் காரணம் உண்டு. 2012இல் நம் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2024இல் அது 12,500 ஆனது. இத்தனை வருடமும் அவர்கள் போராடியது பணி நிரந்தரத்துக்காக. அவர்கள் யாரும் 'எனக்கு நேரம் குறைவாக வேண்டும்' என்று கேட்டுப் போனவர்கள் இல்லை. முழு வேலை கிடைக்காமல் அரை வேலையை ஏற்றவர்கள். தொகுப்பூதியம், மதிப்பூதியம் என்று பெயர் மாறும், சங்கடம் ஒன்றே. அதனால்தான் நேர்காணலில் நீங்கள் 'பார்ட் டைம்' என்று வாயைத் திறந்ததும், எதிரே இருப்பவர் மனதில் சம்பளம் பாதியாகிறது, மரியாதை கால்வாசியாகிறது.

ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். 'வாரத்துக்கு 36 மணி நேரம்.' 'காலை பத்து முதல் நாலு வரை, ஐந்து நாள்.' எண்ணோடு பேசினால் எதிரே இருப்பவரும் எண்ணோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது, எப்போது சொல்வது? இதில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒரு கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: எனக்கு இது கட்டாயமா, விருப்பமா? முழுநேரம் எந்த நிலையிலும் முடியாது என்றால், முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நாலு சுற்று நேர்காணல் போய்க் கடைசியில் சொன்னால் அவர்களுக்கு எரிச்சல், உங்களுக்கு பஸ் காசு நஷ்டம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் சமாளிப்பேன் என்றால், அவர்கள் 'நீங்கள்தான் எங்களுக்கு வேண்டும்' என்று முடிவு செய்த பிறகு, வேலை உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு அதிக எடை இருக்கும் நேரம் அதுதான். சேர்ந்து இரண்டாம் வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் வந்துவிட்டால் அதைத் துடைக்க வருடக்கணக்காகும்.

'முழுநேரம் என்று போட்டிருக்கிறதே, கேட்டால் தப்பில்லையா?' என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு உள்வீட்டு ரகசியம். அந்த விளம்பரத்தை நாங்கள் எப்படித் தயாரிப்போம் தெரியுமா? போன தடவை போட்ட விளம்பரத்தை எடுத்து, தேதியை மாற்றி, மறுபடி போடுவோம். இந்த வேலைக்கு நிஜமாகவே 48 மணி நேரம் தேவையா என்று யாரும் உட்கார்ந்து கணக்கிட்டிருக்க மாட்டார்கள். சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று போடுவதுபோல அது ஒரு பழக்கம்.

எப்படிச் சொல்வது என்பதற்கு அந்தப் பெண்ணின் தாளைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. அவர் தன் கஷ்டத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மீதி நேரமெல்லாம் எங்கள் வேலையைப் பற்றியே பேசினார். எந்தத் தேதியில் நெருக்கடி, அன்று யார் என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு முன்பே யோசித்து வந்திருந்தார். நீங்களும் அப்படி ஒரு தாள் தயார் செய்யுங்கள். எந்த நாள், எந்த நேரம்; நெருக்கடியான நாட்களில் என்ன ஏற்பாடு; நீங்கள் இல்லாத நேரத்தில் அவசரம் வந்தால் எப்படித் தொடர்புகொள்வது. மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் மறுபடி பேசலாம் என்றும் ஒரு வரி எழுதுங்கள். பயப்படுகிற மேலாளருக்கு அந்த வரி பெரிய ஆறுதல்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நூற்பாலையில் ஷிப்டு எட்டு மணி நேரம். நடுவில் ஒருவர் எழுந்து போனால் மிஷினைப் பார்க்க ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸ், கடையில் கல்லாவில் இருப்பவர், இவர்களுக்கும் அப்படித்தான். அங்கே நேரத்தைக் குறைப்பதைவிட, எந்த ஷிப்டு என்பதைக் கேட்பது புத்திசாலித்தனம். அல்லது ஒரு வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். கணக்கு, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, மென்பொருள், கொள்முதல் போன்ற, முடித்த வேலையைக் காட்டி நிரூபிக்கும் தொழில்களில்தான் இந்தத் தாள் நன்றாக வேலை செய்யும்.

ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷத்தில் மூன்று விஷயங்களை மறந்துவிடாதீர்கள். முதலாவது, மணி குறைந்தால் வேலையின் அளவும் குறைய வேண்டும். முக்கால் சம்பளம் வாங்கிக்கொண்டு, விட்டுப்போனதை இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து முடித்துக் கொடுத்தால், 32,000 ரூபாய் வேலையை 24,000 ரூபாய்க்குச் செய்கிறீர்கள் என்று பொருள். நான் பார்த்த ஏற்பாடுகளில் பல இங்கேதான் நொறுங்கின. இரண்டாவது, பி.எஃப்., விடுப்பு, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டா என்று கேளுங்கள். 'கான்ட்ராக்ட்' என்று வேறு தாளை நீட்டினால் நிதானமாகப் படியுங்கள். மிச்ச நேரத்தில் வேறு வேலை பார்ப்பதாக இருந்தால், அதைத் தடை செய்யும் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது, எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். இன்று 'போயிட்டு வாங்கம்மா' என்று சிரிக்கிற மேலாளர் நாளைக்கு மாறிப் போய்விடுவார். அடுத்து வருகிறவருக்குச் சிரிப்பு தெரியாது, வேலை உத்தரவுதான் தெரியும்.

முடிப்பதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே ஒரு நிறுவனம் கூப்பிட்டது. 'வாரத்துக்கு மூணு நாள் வந்தாப் போதுங்க சார், உங்களுக்குத் தோதுப்பட்ட நேரத்துக்கு வாங்க' என்றார்கள். கார் அனுப்பினார்கள். விசிட்டிங் கார்டில் 'ஆலோசகர்' என்று அச்சடித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள்! அந்தப் பெண் கேட்டதைவிடக் குறைந்த நேரம். எனக்கு வேலையில் அக்கறை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேட்கவில்லை. பெரிய ஆடிட்டர்களும் டாக்டர்களும் வக்கீல்களும் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று காலங்காலமாக இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள். வழக்கம் இல்லை என்று நான் சொன்னது பொய். வழக்கம் இருந்தது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை நாங்கள் ஆள் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தோம்.

ஆகவே பிள்ளைகளே, அம்மாமார்களே, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் சலுகை கேட்கவில்லை. உங்கள் நேரத்துக்கு அளவும் விலையும் சொல்கிறீர்கள். மறுத்தால், என்ன காரணம் என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தால்தான் எதிரே இருப்பவர் யோசிக்கவே தொடங்குவார்.

என் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகள் சிலரும் இன்று வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. நாளைக்கு உங்கள் மேசைமேல் யாராவது ஒரு தாளை விரித்தால், பதில் சொல்வதற்கு முன் அதைக் கையில் வாங்கிப் படியுங்கள்.